பழைய இரும்புக்குள் மறைந்திருக்கும் கதிர்: துறைமுக வாயில்கள் மட்டும் போதுமா?

புதுதில்லி: மணம் இல்லை, நிறம் இல்லை, தொட்டால் வித்தியாசமும் தெரிவதில்லை. மேற்கு தில்லியில் உள்ள மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொழிலாளர்கள் உடைத்துப் பிரித்த ஓர் இயந்திரத்திலிருந்து வெளிவந்த உலோகத் துண்டுகள் அத்தகையவை. பளபளப்பாக இருந்ததால் அவற்றில் மிகச் சிறியதை ஒருவர் தனது பணப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு துண்டுகள் அருகில் இருந்த கடைக்குச் சென்றன. மற்றவை பட்டறையிலேயே கிடந்தன. அது கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது.

தலைமுடி உதிர்ந்து, தோல் கருகி, ரத்த அணுக்கள் குறைந்த நிலையில் ஒருவர் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகே விஷயம் வெளியில் வந்தது. கதிர்வீச்சுப் பாதிப்பாக இருக்கலாம் என்று ஐயுற்ற மருத்துவர்கள், ஏப்ரல் 7-ஆம் தேதி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் அனுப்பினர். ஆக, ஆபத்தை முதலில் காட்டிக்கொடுத்தது எந்தக் கருவியும் அல்ல, பாதிக்கப்பட்டவரின் உடல். மொத்தம் 8 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் அந்த மாத இறுதியில் உயிரிழந்தார். சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் இச்சம்பவம் 4-ஆம் நிலை விபத்தாக வகைப்படுத்தப்பட்டது.

அதன் பிறகு நடந்தது விரைவான பணி. வாரியம், பாபா அணு ஆராய்ச்சி மையம், நரோரா அணுமின் நிலையம், தேசியப் பேரிடர் மீட்புப் படை ஆகியவற்றைச் சேர்ந்தோர் அளவீட்டுக் கருவிகளுடன் சந்தைக்குள் நுழைந்தனர். மலைபோல் குவிந்து கிடந்த பழைய இரும்பில் எது நஞ்சு, எது நஞ்சல்ல என்பதை ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. எட்ட நின்றே, கருவியின் எண்ணிக்கை எந்தத் திசையில் ஏறுகிறது என்பதைக் கொண்டு இடத்தைக் குறுக்கினர். அக்கதிர்களின் ஆற்றலை அளந்து அது கோபால்ட்-60 என்பதையும் உறுதி செய்தனர். மொத்தம் 11 துண்டுகளும் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் மீட்கப்பட்டு, ஈயக் கவசக் கலங்களில் உத்தரப் பிரதேசத்தின் நரோராவுக்குக் கொண்டு செல்லப்பட்டன.

சில நாள்களில் எட்ட நின்று கண்டுபிடிக்க முடிந்த ஒரு பொருள், சந்தைக்குள் வரும் வழியில் ஏன் ஓரிடத்திலும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதே அப்போது எழுந்த கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்று வரை பாதி விடைதான் கிடைத்திருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் ஏலம்: ஏப்ரல் இறுதியில் காவல் துறையினர் துப்புத் துலக்கியபோது தடயம் எந்த வெளிநாட்டுக் கப்பலுக்கும் இட்டுச் செல்லவில்லை, தில்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்கே இட்டுச் சென்றது. கனடாவில் தயாரிக்கப்பட்ட காமா கதிர்வீச்சு ஆய்வுக் கருவி ஒன்று 1968 முதல் அங்கு இருந்துவந்தது. 1985-க்குப் பிறகு அதைப் பயன்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு மூலையில் கிடந்த அதனை 2010 பிப்ரவரி 26-ஆம் தேதி மற்ற பழைய பொருள்களைப் போலவே ஏலத்தில் விற்றுவிட்டனர்.

கோபால்ட்-60 ஒவ்வொரு 5.27 ஆண்டுக்கும் தன் வீரியத்தில் பாதியை இழக்கும். 1968 முதல் 2010 வரையிலான 42 ஆண்டுகளில் அது எட்டு முறை பாதியாகியிருக்கும். அதாவது கணக்குப்படி தொடக்க வீரியத்தில் 256-இல் ஒரு பங்குதான் எஞ்சியிருக்க வேண்டும். ஓர் உயிரைப் பறிக்க அந்த ஒரு பங்கே போதுமானதாக இருந்தது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது 1983 நவம்பரில். கருவி வாங்கப்பட்டதோ அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு. வாரியத்தின் பேரேட்டில் ஏறாத ஒரு பொருள், பல்கலைக்கழகத்தின் பொருள் பட்டியலில் பழைய இயந்திரமாக மட்டுமே தங்கிவிட்டது. பயன்பாடு முடிந்த கதிரியக்க மூலத்தை விற்றவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட கழிவு மையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1987-இலேயே கதிரியக்கக் கழிவுகளைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கான விதிகளும், 2004-இல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் வந்துவிட்டன. ஆனால் பொருளை வைத்திருப்பவருக்கே அது என்னவென்று நினைவில்லாதபோது விதி யாரிடம் போய்ப் பேசும்?

கருவி எதை அளக்கிறது?: காகிதம் மறந்ததை இயற்பியல் மறப்பதில்லை என்பதுதான் இத்தகைய கண்காணிப்பின் அடிப்படை. கதிரியக்கப் பொருள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றல் கொண்ட காமா கதிர்களை வெளியிடுகிறது. கோபால்ட்-60 வெளியிடுவது 11.7 லட்சம், 13.3 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட இரண்டு கதிர்கள். தொழிற்சாலைகளில் பயன்படும் சீசியம்-137 என்றால் 6.6 லட்சம். கைரேகை போன்ற இந்த எண்களைக் கொண்டு, பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே இருப்பதன் பெயரைச் சொல்லிவிட முடியும்.

துறைமுகங்களிலும் பெரிய உருக்கு ஆலைகளிலும் நிறுவப்படும் கண்காணிப்பு வாயில்கள் இரு கட்டங்களாக வேலை செய்கின்றன. சரக்கு லாரி மெதுவாக, மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு தூண்களுக்கு இடையே கடந்து செல்லும். தூண்களுக்குள் இருக்கும் அகன்ற பிளாஸ்டிக் பலகைகள் காமா கதிர் பட்டதும் நுண்ணிய ஒளிப்பொறியை உமிழும். அந்தப் பொறிகள் எண்ணப்படும். இயற்கையாக எப்போதும் இருக்கும் பின்னணி அளவைவிட எண்ணிக்கை கூடினால் மணி ஒலிக்கும். இரண்டாவது கட்டத்தில் லாரியைத் தனியே நிறுத்தி, சோடியம் அயோடைடு படிகம் பொருத்திய கருவியால் அது எந்தப் பொருள் என்று பார்ப்பார்கள்.

இதில் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. மணி ஒலித்த ஒவ்வொரு முறையும் உள்ளே ஆபத்து இருக்கிறது என்று பொருளல்ல. பொட்டாஷ் உரம், கிரானைட், தரை ஓடுகள், ஏன், வாழைப்பழச் சரக்குகூட வாயிலை ஒலிக்க வைக்கக்கூடும். இவற்றில் பலவற்றில் இயற்கையான பொட்டாசியம்-40 இருப்பதே காரணம். நாள்தோறும் வீண் மணி ஒலித்துக்கொண்டிருந்தால் பணியில் இருப்பவர் கருவியின் உணர்திறனைக் குறைத்து வைக்கத் தொடங்கிவிடுவார். எந்த நாட்டுத் துறைமுகத்துக்கும் இந்த ஆசை பொதுவானது.

இதற்கு நேர்மாறான சிக்கல் மேலும் ஆபத்தானது. ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கனமுள்ள இரும்பு, கோபால்ட்-60 கதிரின் அளவைப் பாதியாக்கிவிடும். ஈயம் என்றால் 1.2 சென்டிமீட்டர் போதும். லாரியின் நடுவில், கனமான இரும்புக் கட்டிகளுக்குக் கீழே, தனது ஈயக் கூட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு கதிரியக்க மூலம் வாயிலை அமைதியாகக் கடந்துவிடலாம். தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் அளவு நான்கில் ஒன்றாகிவிடும் என்பதும் கணக்கில் சேர வேண்டும். எனவேதான் கதிர்வீச்சு வாயிலுடன் எக்ஸ் கதிர் கொண்டு சரக்குப் பெட்டகத்தை ஊடுருவிப் பார்க்கும் கருவியும் வேண்டும் என்கின்றனர். முதலாவது, உள்ளிருந்து வெளிவரும் கதிரைப் பார்க்கிறது. இரண்டாவது, வெளியிலிருந்து கதிரைச் செலுத்தி அடர்த்தியை அளக்கிறது. கதிரை மறைக்கும் ஈயக் கட்டி, அடர்த்தியைக் காட்டும் படத்தில் கரும்புள்ளியாகத் தெரிந்துவிடும்.

உலோகம் எது என்று அறியும் கருவி பழைய இரும்பு வணிகத்துக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கையடக்கமான எக்ஸ் கதிர்க் கருவியைத் துண்டின் அருகே காட்டி, அதில் நிக்கல் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று சில நொடிகளில் அறியும் வழக்கம் பெரிய வணிகர்களிடம் உண்டு. அது விலையை நிர்ணயிக்க உதவுகிறது, எனவே வாங்குகிறார்கள். கதிர்வீச்சை அளக்கும் கருவியால் விலை கூடுவதில்லை.

உலகம் கற்ற பாடங்கள்: மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரஸ் நகரில் 1983-இல் பழைய புற்றுநோய் சிகிச்சை இயந்திரம் ஒன்று காயலான் கடைக்குப் போனது. அதிலிருந்த ஆயிரக்கணக்கான கோபால்ட்-60 மணிகள் பழைய இரும்போடு உருகி, கட்டுமானக் கம்பிகளாகவும் மேஜைக் கால்களாகவும் மாறின. அந்தக் கம்பிகளை ஏற்றிய லாரி ஒன்று 1984 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்துக்குத் தற்செயலாக வந்து, அங்கிருந்த கண்காணிப்புக் கருவியை ஒலிக்கச் செய்ததால்தான் உலகுக்கே விஷயம் தெரிந்தது. அக்கம்பிகளால் எழுப்பப்பட்ட நூற்றுக்கணக்கான கட்டடங்கள் பின்னர் இடிக்கப்பட்டன.

பிரேசிலின் கோயானியாவில் 1987-இல் கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுக்கப்பட்ட சீசியம்-137, இருட்டில் நீல நிறத்தில் ஒளிர்ந்ததால் வீடு வீடாகக் காட்சிப் பொருளானது. 4 பேர் இறந்தனர். ஒரு லட்சத்து 12 ஆயிரம் பேரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினில் 1998-இல் ஓர் உருக்கு ஆலையின் உலையில் சீசியம் மூலம் ஒன்று கவனிக்கப்படாமல் உருகியபோது, அதன் தடயத்தை பிரான்ஸ், இத்தாலி முதலான நாடுகளின் காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் பதிவு செய்தன. அடுத்த ஆண்டே ஸ்பெயின் அரசு, ஒழுங்குமுறை அமைப்பு, உருக்குத் தொழில் துறை, தொழிற்சங்கங்கள் ஆகியவை ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பழைய இரும்பில் கதிரியக்கப் பொருளைக் கண்டால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த ஒப்பந்தம் வரையறுக்கிறது. தொழிற்சங்கங்களும் அதில் ஒரு தரப்பு என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியாவுக்கு மாயாபுரிக்கு முன்பே எச்சரிக்கைகள் கிடைத்திருந்தன. 2008 அக்டோபரில் பிரான்ஸ் நாட்டு ஆலை ஒன்றுக்கு இந்தியாவிலிருந்து சென்ற, மின்தூக்கிகளுக்கான பொத்தான்களின் உதிரி பாகங்களில் கோபால்ட்-60 கலந்திருப்பது தெரியவந்தது. அதைக் கையாண்ட சுமார் 20 தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு உள்ளாகியிருந்ததாக அந்நாட்டு அணுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. மாயாபுரிக்குப் பிறகும் அது நிற்கவில்லை. 2012 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சாலையோரக் கண்காணிப்புக் கருவி ஒரு லாரியை நிறுத்தியது. உள்ளே இருந்தவை இந்தியாவில் தயாரான, காகிதக் கைக்குட்டை வைக்கும் உலோகப் பெட்டிகள். நம் நாட்டு உலைகளில் உருகியதை அயல்நாட்டு வாயில்கள்தான் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

துறைமுகத்தில் மட்டும் காவல்: அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2004 செப்டம்பரில் காஜியாபாத் உருக்கு ஆலையில், இறக்குமதியான பழைய இரும்பில் கிடந்த குண்டுகள் வெடித்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதையடுத்து, துண்டாக்கப்படாத பழைய உலோகத்தை இறக்குமதி செய்ய, ஏற்றுமதி நாட்டிலேயே சோதித்து வழங்கப்பட்ட சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது. சரக்கில் வெடிபொருள் இல்லை, இயற்கைப் பின்னணி அளவை மீறிய கதிர்வீச்சும் இல்லை என்று அச்சான்றிதழ் உறுதி கூற வேண்டும். குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாக மட்டுமே இறக்குமதிக்கு அனுமதி உண்டு. சென்னையும் தூத்துக்குடியும் அப்பட்டியலில் இடம்பெற்றவை.

அந்தத் துறைமுகங்கள் கதிர்வீச்சுக் கண்காணிப்பு வாயில்களையும் பெட்டக ஊடுருவல் கருவிகளையும் நிறுவ வேண்டும் என்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் கெடு விதித்தது. கெடு நீட்டிக்கப்பட்டது. பிறகு மீண்டும் நீட்டிக்கப்பட்டது. வர்த்தக அமைச்சகத்தின் அறிவிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று.

ஆனால் அடிப்படையான குறை வேறு இடத்தில் உள்ளது. வாயில்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. மாயாபுரிக்கு வந்த இயந்திரம் கடல் வழியாக வரவில்லை. அதே நகரத்தின் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வந்தது. உள்நாட்டில் மருத்துவமனையிலிருந்தோ, மூடப்பட்ட ஆலையிலிருந்தோ சிறு லாரியில் கிளம்பும் பழைய இரும்பு எந்த வாயிலையும் கடக்காமலேயே காயலான் கடைக்கும், அங்கிருந்து சிறு உலைகளுக்கும் சென்றுவிட முடியும். பெரிய உருக்கு ஆலை தன் வாயிலில் கருவி நிறுவலாம். நாடு முழுவதும் பரவிக் கிடக்கும் தூண்டல் உலைகளுக்கும் வார்ப்படப் பட்டறைகளுக்கும் அது பெரும் செலவு. மத்திய அரசு 2019 நவம்பரில் வெளியிட்ட உருக்குக் கழிவு மறுசுழற்சிக் கொள்கையும், 2021-இல் அறிவித்த பழைய வாகன அழிப்புக் கொள்கையும் இந்தத் தொழிலை மேலும் பெருக்கவே வழிகோலுகின்றன.

நாடாளுமன்றத்தில் நடந்தது: மாயாபுரி சம்பவம் வெளியானபோது பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. அதே தொடரில், 2010 மே 7-ஆம் தேதி, அணுசக்தி விபத்து இழப்பீட்டு மசோதா மக்களவையில் அறிமுகமானது. ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறியது. வெளிநாட்டு அணு உலை விற்பனையாளர்களின் பொறுப்பு எவ்வளவு என்பதில் அனல் பறந்த விவாதங்கள் நடந்தன. மாயாபுரியின் பெயரும் அடிபட்டது. ஆயினும் அச்சட்டத்தின் விளக்கப் பிரிவைக் கூர்ந்து படித்தால் ஓர் உண்மை புலப்படும். மருத்துவம், அறிவியல், தொழில் ஆகியவற்றில் பயன்படுத்தும் இறுதி நிலைக்கு வந்துவிட்ட கதிரியக்க ஐசோடோப்புகள் அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன. அதாவது நாட்டின் நினைவில் புதிதாக இருந்த ஒரே கதிர்வீச்சு மரணத்துக்கு, அதே ஆண்டில் இயற்றப்பட்ட இழப்பீட்டுச் சட்டத்தில் இடமில்லை. சர்வதேச உடன்படிக்கைகளும் இதே வரையறையைத்தான் கையாள்கின்றன என்ற விளக்கம் சட்ட நிபுணர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். பட்டறைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அது எப்படிப் போதும்?

வாரியத்தின் நிலை குறித்து 2012 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தாக்கலான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கடுமையாகப் பேசியது. நாட்டில் உள்ள 57,443 மருத்துவ எக்ஸ் கதிர்க் கருவிகளில் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவாகியுள்ளன என்றும், ஏறத்தாழ 91 சதவீதக் கருவிகள் அதன் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளன என்றும் அது கூறியது. கதிரியக்க மூலங்கள் அனைத்துக்குமான முழுமையான பட்டியல் இல்லை என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. விதிமீறலுக்கான அபராதம் வெறும் 500 ரூபாய் என்னும் அளவில் இருந்ததையும் தணிக்கை அறிக்கை விட்டுவைக்கவில்லை. முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு 2013 டிசம்பரில் அளித்த அறிக்கையில், வாரியம் தான் கண்காணிக்க வேண்டிய அணுசக்தித் துறையையே சார்ந்து நிற்பதைக் குறை கூறியது.

இதற்கிடையே 2011 செப்டம்பரில் மக்களவையில் அறிமுகமான அணுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணைய மசோதா, நிலைக்குழுவின் ஆய்வையும் கடந்து, அவையில் நிறைவேறாமலேயே 2014-இல் மக்களவையின் ஆயுளோடு காலாவதியானது. அரசாணையின் பலத்தில் மட்டும் இயங்கிவந்த வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைக்க 2025 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனியாருக்கு அணுமின் துறையைத் திறந்துவிட்ட "சாந்தி" சட்டம் அந்த மாதம் இரு அவைகளிலும் நிறைவேறியது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும் 2010-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் அதனால் நீக்கப்பட்டன. எதிர்பார்த்ததைப் போலவே அவையின் கவனம் முழுவதும் அணு உலைகள் மீதும் விற்பனையாளர்களின் பொறுப்பு மீதும்தான் குவிந்தது.

இடைப்பட்ட காலத்தில் வாரியம் உரிமங்களைக் கணினி வழிக்குக் கொண்டுவந்தது. ஒரு கதிரியக்க மூலம் வாங்கப்படுவதிலிருந்து அகற்றப்படும் வரை அதில் பதிவாக வேண்டும். உண்மையிலேயே இது முன்னேற்றம். இன்று உரிமம் பெறும் ஒரு மருத்துவமனை, நாளை அதை யாருக்கும் தெரியாமல் ஏலம் விடுவது எளிதல்ல. ஆனால் பதிவு தொடங்குவதற்கு முன்பே நாட்டுக்குள் வந்து, இப்போது பூட்டிய அறையில் தூசி படிந்து கிடப்பவற்றைக் கணினி அறியாது. அவற்றைக் கருவி கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும். அதற்கு யாராவது அங்கே போக வேண்டும்.

காமா கருவிகளுக்கு அப்பால், சிமென்ட், காகிதம், உருக்கு ஆலைகளில் தொட்டிகளின் நிரப்ப அளவையும் தகடுகளின் கனத்தையும் அறிய, சிறிய சீசியம்-137 மூலங்கள் உலோகக் கூட்டுக்குள் வைத்துப் பொருத்தப்படுகின்றன. கோபால்ட்டைப் போல அவை ஐந்து ஆண்டுகளில் பாதியாவதில்லை; சீசியம் பாதியாக 30 ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆலையே நொடித்துப்போய், 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி அதன் இயந்திரங்கள் ஏலத்துக்கு வந்துவிடலாம். தொட்டியோடு சேர்த்து வெட்டியெடுக்கப்படும் கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்த பொறியாளர், ஏலம் நடக்கும் நாளில் பெரும்பாலும் வேறு வேலைக்குச் சென்றிருப்பார்.